நியூமாயர் பனியாறு: பின்வாங்குவது எது, பெயர் யாருடையது?

2025 மார்ச்சில் ஏ23ஏ என்ற ராட்சதப் பனிப்பாறை தெற்கு ஜார்ஜியா என்னும் தீவுக்குச் சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் தரைதட்டி நின்றது. அதற்கு முந்தைய சில மாதங்கள் ‘உலகின் மிகப் பெரிய பனிப்பாறை தீவை நோக்கி வருகிறது’ என்று தொடர்ந்து செய்தி வந்துகொண்டிருந்தது. அந்தச் செய்திகளின் நடுவே, அதே தீவில் இருக்கும் பனியாறுகள் சுருங்குகின்றன என்ற தகவலும் கலந்து வந்தது. வாசித்தவர்களில் பலர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்கள். மிதந்து வருவதுதான் உருகுகிறது, அதுதான் பின்வாங்குகிறது, அதற்குத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு குழப்பமான சித்திரம் உண்டாகிவிட்டது.

இந்தக் கட்டுரை அந்தத் தீவின் ஒரே ஒரு பனியாற்றை எடுத்துக்கொள்கிறது. அதன் பெயர் நியூமாயர். அது எப்படி உண்டாகிறது, ‘பின்வாங்குகிறது’ என்றால் உண்மையில் என்ன நடக்கிறது, ஆளே இல்லாத ஊரில் ஒரு பனிக்கட்டிக்கு ஜெர்மன்காரர் ஒருவரின் பெயர் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

முதலில், எது எது?

நிலத்தில் விழுந்த பனி ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து, இறுகி, தன் எடையாலேயே சரிவில் மெல்ல இறங்கும் பனிக்கட்டித் திரளைப் பனியாறு என்கிறோம். அது கடலைத் தொடும் இடத்தில் உடைந்து மிதந்து போகும் துண்டு மிதக்கும் பனிப்பாறை. கடல்நீரே குளிரில் உறைந்து மேலே படர்ந்தால் அது கடற்பனி. மூன்றும் பார்க்க வெள்ளைதான். ஆனால் முதல் இரண்டும் வானத்திலிருந்து விழுந்த நன்னீர், மூன்றாவது கடல்நீர்.

இந்தப் பாகுபாட்டுக்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. ஏற்கெனவே மிதந்துகொண்டிருக்கும் பனி உருகினால் கடல்மட்டம் ஏறக்குறைய மாறுவதில்லை. தான் மிதக்கும்போதே தன் எடைக்குரிய நீரை அது ஒதுக்கித் தள்ளிவிட்டது. நிலத்தின் மேல் இருக்கும் பனியாறு உருகிக் கடலில் சேர்ந்தால் கடல்மட்டம் உயரும். செய்தியில் எதைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று பார்க்காமல் பயப்படுவதும் வீண், பயப்படாமல் இருப்பதும் வீண்.

தீவு எங்கே இருக்கிறது?

தெற்கு ஜார்ஜியா, தென் அட்லாண்டிக் கடலில், ஃபாக்லாந்து தீவுகளிலிருந்து கிழக்கு-தென்கிழக்காக 1,300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கோ திபிலிசியைத் தலைநகராகக் கொண்ட ஜார்ஜியாவுக்கோ இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நீளம் சுமார் 165 கி.மீ. நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு மலைத்தொடர். அதன் உச்சியான பேஜெட் சிகரம் 2,900 மீட்டருக்கு மேல். தீவின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பு நிரந்தரப் பனி. குடிமக்கள் என்று யாரும் கிடையாது. கிங் எட்வர்ட் பாயின்ட் என்ற இடத்தில் சில அதிகாரிகளும் ஆய்வாளர்களும் முறைவைத்துத் தங்குகிறார்கள். பக்கத்திலேயே கிரிட்விக்கன் என்ற பழைய திமிங்கில வேட்டை நிலையம் துருப்பிடித்துக் கிடக்கிறது. துருவப் பயணி ஷாக்கில்டனின் கல்லறையும் அங்கேதான்.

ஒரு விஷயம் பலரை யோசிக்க வைக்கும். தீவு இருப்பது தெற்கே 54 டிகிரியில். வடக்கே அதே தொலைவில் பெல்ஃபாஸ்ட் நகரம் இருக்கிறது. அங்கே பசுமையான புல்வெளி, இங்கே கடல்வரை இறங்கும் பனி. ஏன்?

அண்டார்க்டிகாவைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காகத் தடையின்றி ஒரு கடலோட்டம் சுழல்கிறது. தெற்கிலிருந்து வரும் குளிர்நீர் வடக்கின் சற்று வெப்பமான நீரைச் சந்தித்து அதன் அடியில் இறங்கும் எல்லைக்கு அண்டார்க்டிக் ஒருங்கல் என்று பெயர். தெற்கு ஜார்ஜியா அந்த எல்லைக்குத் தெற்கே, அதாவது குளிர்ந்த பக்கத்தில் மாட்டிக்கொண்ட தீவு. போதாக்குறைக்கு ஓயாத மேற்குக் காற்று கடலின் ஈரத்தை அள்ளிவந்து மலையில் மோதுகிறது. ஈரம் பனியாகக் கொட்டுகிறது. பனியாறு உருவாகக் குளிர் மட்டும் போதாது, கொட்டுவதற்குப் பனியும் வேண்டும். இந்தத் தீவுக்கு இரண்டும் கிடைத்திருக்கின்றன.

விழும் பனி எப்படி ஓடும் பனியாகிறது?

புதிதாக விழுந்த பனியில் பெரும்பங்கு காற்றுதான். அடுத்த ஆண்டுப் பனி அதன் மேல் விழுகிறது, அதற்கடுத்த ஆண்டு இன்னொன்று. அழுத்தத்தில் துகள்கள் நெருங்கி, விளிம்புகள் மழுங்கி, சர்க்கரைக் குருணை போன்ற ஒரு நிலைக்கு வருகின்றன. இந்த இடைநிலைப் பனிக்கு ஃபிர்ன் என்று பெயர். இன்னும் அழுத்தம் கூடும்போது காற்று வெளியேறி, மிச்சமிருப்பது சின்னச் சின்னக் குமிழ்களாக அடைபட்டு, கெட்டியான பனிக்கட்டி கிடைக்கிறது. பழைய பனிக்கட்டி நீலமாகத் தெரிவதற்குக் காரணமும் இந்த இறுக்கம்தான்: ஒளி உள்ளே நெடுந்தூரம் போகும்போது சிவப்பு உறிஞ்சப்பட்டு நீலம் தப்பித்து வெளியே வருகிறது.

பனிக்கட்டி போதுமான தடிமன் அடைந்ததும் நகர ஆரம்பிக்கும். இரண்டு விதமாக நகரும். ஒன்று, தன் எடையின் அழுத்தத்தில் உள்ளிருக்கும் படிகங்கள் ஒன்றன்மேல் ஒன்று மெல்ல வழுக்கி, கட்டி மொத்தமும் உருமாறி இறங்குவது. இரண்டு, அடியில் கசியும் உருகுநீரில் பாறைமேல் சறுக்குவது. மேற்பரப்பு மட்டும் அந்த அளவுக்கு வளைந்து கொடுக்காமல் கடினமாகவே இருப்பதால் வெடித்துப் பிளக்கும். பனியாற்றில் நடப்பவர்கள் கயிறு கட்டிக்கொண்டு போவது அந்தப் பிளவுகளுக்குப் பயந்துதான்.

பனியாற்றின் மேல்பகுதியில் ஆண்டு முழுவதும் கணக்குப் பார்த்தால் வரவு அதிகம். கீழே வர வர உருகலும் உடைதலும் அதிகம். வரவும் செலவும் சமமாகிற உயரத்துக்குச் சமநிலைக் கோடு என்று பெயர். வெயில் கூடினால் அந்தக் கோடு மேலே ஏறும். வரவுப் பகுதி குறுகிவிடும். பனியாற்றின் எதிர்காலம் பெரும்பாலும் அந்தக் கோட்டின் உயரத்தில் தீர்மானமாகிறது.

இதுவரை சொன்னதன் சாரம்: மேலே விழுகிறது, நடுவில் இறுகி இறங்குகிறது, கீழே கரைகிறது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில், எப்போதும் நடக்கின்றன.

‘பின்வாங்குகிறது’ என்றால் பின்னால் போகிறது என்று பொருளா?

இல்லை. மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் ஒரு குழாயைச் சன்னமாகத் திறந்துவிடுங்கள். தண்ணீர் தரையில் ஓடி, ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்குமேல் ஈரம் போகாது. ஆனால் குழாயிலிருந்து தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கிறது, தரையில் முன்னோக்கி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. ஓரத்துக்கு வந்து சேரும் தண்ணீரும் அங்கே காய்கிற தண்ணீரும் சமமாக இருப்பதால் ஈரத்தின் விளிம்பு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிகிறது. உச்சிவெயில் ஏறினால் விளிம்பு குழாயை நோக்கி உள்ளே வாங்கும். அப்போதும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் திரும்பி ஓடவில்லை.

பனியாறும் அப்படியே. அதன் கீழ்முனைக்கு முகப்பு என்று பெயர். முகப்பு ஆண்டுக்கு நூறு மீட்டர் உள்ளே போனாலும், அதே ஆண்டில் பனிக்கட்டி முழுவதும் கடலை நோக்கியே இறங்கிக்கொண்டிருக்கும். பின்வாங்குவது ஒரு கோடு மட்டுமே, கட்டி அல்ல. வந்துசேர்வதைவிட இழப்பு அதிகம், அவ்வளவுதான்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். முகப்பு நகராமல் இருப்பதாலேயே பனியாறு நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. முகப்பு அதே இடத்தில் இருக்கும்போதே மேலிருந்து கீழாக மெலிந்துகொண்டும் இருக்கலாம். புகைப்படத்தில் அது தெரியாது.

கடலைத் தொடும்போது கதை மாறுகிறது

மொட்டை மாடித் தண்ணீர் இதுவரைதான் கைகொடுக்கும். நியூமாயர் நிலத்திலேயே முடிந்துவிடும் பனியாறு அல்ல. அல்லார்டைஸ் மலைத்தொடரின் வடக்குச் சரிவை ஒட்டிக் கிழக்காக ஓடி, கம்பர்லாந்து மேற்கு விரிகுடாவின் உட்கோடியில் நேராகக் கடலில் முடிகிறது. பழைய இடப்பெயர்ப் பதிவுகளில் அதன் நீளம் சுமார் 8 மைல், அகலம் 2 மைல். இப்படிக் கடலில் முடியும் பனியாற்றைக் கடல்முகப் பனியாறு என்பார்கள்.

இங்கே பனி உருகுவதோடு உடைந்தும் போகிறது. செங்குத்தான பனிச்சுவரிலிருந்து கட்டடம் அளவு துண்டுகள் சரிந்து விழும். காப்டன் குக் 1775 ஜனவரியில் இந்தத் தீவில் இறங்கியபோது இதைக் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். பொசஷன் விரிகுடாவின் உட்கோடியில் உயரமான பனிச்சுவர்கள் நின்றதையும், துண்டுகள் இடைவிடாமல் உடைந்து கடலில் மிதந்து போனதையும், தாங்கள் அங்கிருந்த நேரத்திலேயே ஒரு பெரிய சரிவு பீரங்கி முழக்கம்போல் கேட்டதையும் குறித்துவைத்தார். அதே குறிப்பில், பல் குத்தும் குச்சிக்கு ஆகிற அளவுக்குக்கூட ஒரு செடி இல்லை என்று அலுத்துக்கொள்கிறார்.

கடல்முகப் பனியாற்றின் முகப்பு பெரும்பாலும் கடலடியில் ஒரு மேட்டின்மேல் ஊன்றி நிற்கும். அந்த மேடு பனியாறே அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய கல்லும் மண்ணுமாக இருக்கலாம்; அந்தக் குவியலுக்கு மொரைன் என்று பெயர். பனி மெலியும்போது ஒருநாள் முகப்பு அந்த மேட்டிலிருந்து விலகிவிடும். மேட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் ஆழமான பள்ளம். ஆழம் கூடினால் சுவரின் அதிகப் பகுதி நீரில் நிற்கும், அதிகம் உடையும், இன்னும் ஆழமான இடத்துக்கு உள்வாங்கும். மறுபடி ஆழம் குறைந்த, குறுகலான ஓரிடம் கிடைக்கும்வரை இந்த ஓட்டம் நிற்காது. அதனால்தான் ஒரே தீவில், ஒரே வானிலையில், பக்கத்துப் பக்கத்துப் பனியாறுகள் வெவ்வேறு வேகத்தில் சுருங்குகின்றன. வெப்பம் தூண்டுகோல், கடலடியின் வடிவம் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ‘பக்கத்துப் பனியாறு அப்படியே இருக்கிறதே, அப்புறம் என்ன வெப்பமயமாதல்?’ என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

2010இல் வெளியான பிரிட்டிஷ் அண்டார்க்டிக் சர்வேயின் ஆய்வு ஒன்று இந்தத் தீவின் 103 கடலோரப் பனியாறுகளைப் பழைய படங்களோடும் வரைபடங்களோடும் ஒப்பிட்டது. 1950களிலிருந்து அவற்றில் 97 சதவீதம் பின்வாங்கியிருந்தன. சராசரி வேகம் 1950களின் இறுதியில் ஆண்டுக்கு 8 மீட்டர், ஆய்வின் காலத்தில் 35 மீட்டர். நியூமாயர் 1957க்குப் பிறகு 4.4 கி.மீ. இழந்திருந்தது. சராசரியைச் சொல்லும் 35 என்ற எண்ணையும் இந்த 4.4 கிலோமீட்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சராசரி எவ்வளவு மறைக்கும் என்று தெரியும்.

பனி சுருங்கினால் எலிக்கு என்ன லாபம்?

அந்த ஆய்வின் தலைப்பிலேயே எலி இருந்தது. அது தற்செயல் அல்ல.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கடல்நாய் வேட்டைக்கும் பிறகு திமிங்கில வேட்டைக்கும் வந்த கப்பல்களில் எலிகளும் வந்திறங்கின. தரையில் கூடுகட்டும் பறவைகளின் முட்டைகளும் குஞ்சுகளும் அவற்றுக்கு விருந்தாயின. உலகில் இந்தத் தீவுக்கூட்டத்தில் மட்டுமே வாழும் தெற்கு ஜார்ஜியா பிப்பிட் என்ற சின்னஞ்சிறு பாடும் பறவை, எலி இல்லாத ஓரங்களில்தான் தப்பிப் பிழைத்தது.

எலி இல்லாத ஓரங்கள் எப்படி மிஞ்சின? பனியாறுகளால். கடலோரத்தை அவை துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்தன. கடல்வரை இறங்கும் பனிக்கட்டியைத் தாண்டி எலி போகாது. நார்வேக்காரர்கள் இறைச்சிக்காக 1911இல் கொண்டுவந்துவிட்ட கலைமான்களும் அதேபோல் பனியாறுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளிலேயே அடைபட்டிருந்தன. முகப்பு உள்வாங்கிக் கரையில் ஒரு நடைபாதை திறந்தால், அடுத்த துண்டுக்கு வழி கிடைத்துவிடும். பறவை ஆர்வலர்களின் கவலை அதுதான்.

ஆனால் இதே தடுப்புகள் இருக்கும்வரை ஒரு வசதியும் உண்டு: எலி ஒழிப்பைப் பகுதி பகுதியாகச் செய்யலாம், முடித்த பகுதிக்குள் மறுபடி எலி வராது. சவுத் ஜார்ஜியா ஹெரிடேஜ் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 2011, 2013, 2015 என மூன்று கட்டமாக ஹெலிகாப்டரிலிருந்து விஷ உணவைத் தூவியது. மோப்ப நாய்களைக் கொண்டு தீவைச் சலித்தபின், 2018 மே மாதம் எலி இல்லாத தீவு என்று அறிவிக்கப்பட்டது. கலைமான்களையும் அந்த ஆண்டுகளிலேயே அகற்றிவிட்டார்கள். பனி முந்துமா மனிதர் முந்துவார்களா என்ற பந்தயத்தில் இந்த முறை மனிதர் முந்தினார்கள்.

சரி, பெயருக்கு வருவோம்

ஒரு மலைக்கோ ஆற்றுக்கோ பெயர் என்றால் அங்கே வாழ்ந்த மக்கள் அழைத்த பெயரைத்தான் முதலில் தேடுவோம். தெற்கு ஜார்ஜியாவில் அப்படித் தேட வழியில்லை. பூர்வகுடி என்று யாரும் அங்கே இருந்ததில்லை. எல்லாப் பெயரும் வந்துபோனவர்கள் வைத்தது. அதனால் வரைபடத்தைப் பார்த்தே யார் எப்போது எதற்காக வந்தார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

குக் மாலுமி. அவர் பெயர் வைத்தவை விரிகுடா, முனை, குட்டித்தீவு, பாறை. கப்பல் ஓட்டுபவருக்கு எவை வேண்டுமோ அவை. தன் அதிகாரிகளின் பெயர்களை விநியோகித்தார்: கூப்பர் தீவு, பிக்கர்ஸ்கில் தீவுகள், கிளார்க் பாறைகள். தீவுக்கு மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயர். தெற்கே ஒரு பெரிய கண்டம் கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையில் கரையோரமாகப் போனவர், ஒரு முனையைத் திரும்பியதும் இது வெறும் தீவு என்று தெரிந்து, அந்த முனைக்கு ஏமாற்ற முனை என்று பெயரிட்டார். பீரங்கிபோல் முழங்கிய அந்தப் பனிச்சுவருக்கு அவர் பெயர் வைக்கவில்லை. அவருக்கு அது ஒரு இடமாகவே தோன்றியிருக்காது.

பனியாறுகளுக்குப் பெயர் வர நூறு ஆண்டுகள் ஆயின. 1882-83இல் பல நாடுகள் சேர்ந்து ‘சர்வதேச துருவ ஆண்டு’ என்று ஒரு திட்டம் நடத்தின. துருவப் பகுதிகளில் நிலையங்கள் அமைத்து, ஒரே காலத்தில் வானிலையையும் புவிக்காந்தத்தையும் அளப்பது நோக்கம். ஜெர்மனி தன் தென்நிலையத்தைத் தெற்கு ஜார்ஜியாவின் ராயல் விரிகுடாவில் அமைத்தது. வந்தவர்கள் அளப்பதற்காக வந்தவர்கள். பக்கத்திலிருந்த பனியாற்றை வரைந்து, துருவப் பயணி ஜேம்ஸ் கிளார்க் ராஸின் பெயரை வைத்தார்கள். பனியைத் தனிப்பொருளாகப் பார்த்தவர்கள் வந்த பிறகுதான் பனிக்கும் பெயர் வந்தது.

நியூமாயர் யார்?

கேயோர்க் ஃபான் நியூமாயர் 1826இல் பிறந்த ஜெர்மானியர். இயற்பியலும் கடலும் இரண்டுமே அவரை இழுத்தன. இளவயதில் மாலுமியாக ஆஸ்திரேலியா போனார், தங்கம் தோண்டும் பெண்டிகோவிலும் கொஞ்சகாலம் இருந்தார். ஊர் திரும்பி, பவேரிய மன்னர் இரண்டாம் மாக்ஸிமிலியனின் உதவியோடு கருவிகளைச் சேர்த்துக்கொண்டு மறுபடி மெல்போர்ன் போய், ஃபிளாக்ஸ்டாஃப் குன்றில் காந்தமும் வானிலையும் அளக்கும் ஆய்வகம் ஒன்றை நிறுவினார். பிற்பாடு ஹாம்பர்க்கில் ஜெர்மன் கடலியல் நிறுவனத்தின் இயக்குநராக 1876 முதல் 1903 வரை இருந்தார்.

தென்துருவத்தை ஆராய வேண்டும் என்று பல பத்தாண்டுகள் விடாமல் வாதாடியவர் அவர். 1879இல் ஹாம்பர்க்கில் கூடிய முதல் சர்வதேச துருவ மாநாட்டை நடத்தியவரும் அவரே. மேலே சொன்ன துருவ ஆண்டு அந்த முயற்சியில் விளைந்ததுதான். அதாவது இந்தத் தீவுக்கு முதல் விஞ்ஞானக் குழு வந்ததில் அவருடைய பங்கு உண்டு. ஆனால் அவர் அண்டார்க்டிகா பக்கம் போனதே இல்லை.

பெயர் வைத்தது 1901-04 சுவீடன் அண்டார்க்டிக் பயணக் குழு. தலைவர் ஓட்டோ நோர்டன்ஷோல்ட். பனியாறுகளின் பெயர்ப் பதிவில் ‘நோர்டன்ஷோல்ட் தலைமையிலான குழு வரைந்து பெயரிட்டது’ என்று இருக்கும். அதைப் படித்துவிட்டு அவரே பனிச்சுவரின் முன் நின்று பெயர் சூட்டியதாகக் கற்பனை செய்யவேண்டாம். 1902 குளிர்காலத்தில் அவர் அங்கிருந்து வெகு தெற்கே ஸ்நோ ஹில் தீவில் ஒரு குடிசையில் முடங்கியிருந்தார். ‘அண்டார்க்டிக்’ என்ற கப்பலில் தெற்கு ஜார்ஜியாவுக்கு வந்து கம்பர்லாந்து விரிகுடாவை ஆராய்ந்தவர்கள் குழுவின் மற்றவர்கள்: புவியியலாளர் குன்னர் ஆண்டர்சன், தாவரவியலாளர் ஸ்காட்ஸ்பெர்க், வரைபடம் வரைந்த டூசே. பழைய கடல்நாய் வேட்டைக்காரர்கள் விட்டுப்போன எண்ணெய்க் கொப்பரைகளைப் பார்த்து கிரிட்விக்கன் என்ற பெயரை வைத்தவர் ஆண்டர்சன். பின்னாளில் சீனாவில் தொல்லியல் செய்து பெரும்புகழ் பெற்ற அதே ஆண்டர்சன்தான்.

கப்பலின் காப்டன் லார்சன் அந்த விரிகுடாவை மறக்கவில்லை. கப்பல் 1903இல் பனியில் நசுங்கி மூழ்கியது, உயிரோடிருந்தவர்களை அர்ஜென்டினக் கடற்படைக் கப்பல் மீட்டது. லார்சன் புவெனோஸ் அயர்ஸில் முதலீடு திரட்டி, 1904இல் கிரிட்விக்கனில் திமிங்கில நிலையம் தொடங்கிவிட்டார்.

சுருக்கிச் சொன்னால், பனியாற்றின் பெயர் கண்டுபிடித்தவர் பெயர் அல்ல. முதலில் பார்த்தவர் பெயரும் அல்ல. தீவுக்கு வராத ஒருவருக்கு, அந்தத் துறையில் அவர் செய்த வேலைக்காக, பின்னால் வந்தவர்கள் செலுத்திய மரியாதை. பக்கத்திலிருக்கும் பனியாறுகள் பலவும் இதே வகை: லையல், எஸ்மார்க், ஹார்க்கர் என்று புவியியலாளர்களின் பெயர்ப்பட்டியலாகவே தீவு இருக்கிறது.

யார் ஒப்புதல் தருகிறார்கள்?

ஒருவர் தன் குறிப்பேட்டில் ஒரு பெயர் எழுதிவிட்டால் அது நிலைத்துவிடாது. பிரிட்டன் 1945இல் அண்டார்க்டிக் இடப்பெயர்க் குழு ஒன்றை அமைத்தது. பழைய வரைபடங்கள், பயணக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் இருந்தால் எது நிற்க வேண்டும் என்று பரிந்துரைப்பது அதன் வேலை. அதற்குக் களத்திலிருந்து வேண்டிய தகவலைப் பெரும்பாலும் தந்தது டங்கன் கார்ஸ் தலைமையில் 1951 முதல் 1957 வரை நடந்த நில அளவை. கார்ஸ் அதற்கு முன் பிபிசி வானொலித் தொடரில் டிக் பார்ட்டன் என்ற துப்பறியும் நாயகனுக்குக் குரல் கொடுத்தவர். அந்த வேலையை விட்டு இதற்கு வந்தார் என்பதை எண்ணிச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அந்த அளவையிலிருந்து 1958இல் வெளியான வரைபடம்தான் பல ஆண்டுகள் தீவின் அடிப்படை வரைபடம்.

குழு எப்படி முடிவெடுக்கும் என்பதற்கு ஹார்க்கர் பனியாறு நல்ல எடுத்துக்காட்டு. சுவீடன் குழு அதற்கு டி யேர் என்று ஒரு சுவீடன் புவியியலாளரின் பெயரை வைத்திருந்தது. ஆனால் அதன்பிறகு வந்த அறிவியல் எழுத்துகள் ஹார்க்கர் என்றே குறிப்பிட்டுக்கொண்டிருந்தன. 1951-52இல் கார்ஸின் குழு விசாரித்தபோது, தீவில் இருந்தவர்களின் வாயிலும் ஹார்க்கர்தான் ஊன்றியிருந்தது. முதலில் வைத்த பெயருக்குத்தான் முன்னுரிமை என்று பிடிவாதம் பிடிக்காமல் புழக்கத்தில் இருந்த பெயருக்கே ஒப்புதல் கொடுத்தார்கள். எனக்கு இது சரியான முடிவு என்றே படுகிறது; பனிமூட்டத்தில் வானொலியில் உதவி கேட்கும்போது எல்லோருக்கும் தெரிந்த பெயர்தான் பயன்படும்.

இதற்குப் பின்னால் அரசியலும் இருக்கிறது. அண்டார்க்டிக் ஒப்பந்தம் 60 டிகிரிக்குத் தெற்கே மட்டும் செல்லும். தெற்கு ஜார்ஜியா அதற்கு வெளியே. பிரிட்டன் நிர்வகிக்கிறது, அர்ஜென்டினா உரிமை கோருகிறது, அது தீவைச் சான் பெத்ரோ என்று அழைக்கிறது. 1982 போரில் பிரிட்டிஷ் வீரர்கள் இறங்கிய ஃபார்ச்சுனா பனியாற்றில் பனிப்புயலில் இரண்டு ஹெலிகாப்டர்கள் விழுந்து நொறுங்கின. அந்தப் பெயர் லார்சனின் நிறுவனத்துத் திமிங்கில வேட்டைக் கப்பலிலிருந்து வந்தது.

பெயர் நிற்கும், பனி நிற்காது

மிதக்கும் பனிப்பாறைக்கு ஏன் ஏ23ஏ என்று எண் வைக்கிறார்கள், நியூமாயருக்கு ஏன் ஆள் பெயர்? பனிப்பாறைப் பெயர்களை அமெரிக்கத் தேசியப் பனி மையம் தருகிறது. அண்டார்க்டிகாவைச் சுற்றி நான்கு கால்வட்டங்களாகப் பிரித்து, எந்தக் கால்வட்டத்தில் முதலில் காணப்பட்டதோ அதற்குரிய எழுத்து, அதன்பின் வரிசை எண், உடைந்த துண்டு என்றால் கடைசியில் இன்னொரு எழுத்து. ஓடி மறையப்போகும் பொருளுக்கு அது போதும். பனியாறு மலையைப் போல ஒரு இடம் என்று கருதப்பட்டதால் அதற்கு இடப்பெயர் கிடைத்தது.

அந்தக் கருத்துத்தான் இப்போது சிக்கலில் இருக்கிறது. ராயல் விரிகுடாவில் ராஸ், ஹிண்டில் என்ற இரு பனியாறுகள் முன்பு முகப்பில் ஒன்றுசேர்ந்து ஒரே சுவராகக் கடலில் நின்றன. பின்வாங்கியதில் பிரிந்து, இப்போது தனித்தனி முகப்பு. 1958 வரைபடத்தில் பனி என்று குறித்திருக்கும் இடத்தில், நியூமாயரின் முன்னால், இன்று கப்பல் போகும் அளவுக்குக் கடல். ஆகவே இந்தத் தீவின் வரைபடத்தைப் பார்க்கும்போது பெயரோடு அச்சிட்ட ஆண்டையும் பாருங்கள். ‘நியூமாயர் எங்கே முடிகிறது?’ என்ற கேள்விக்கு ஆண்டு சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

இன்னொரு எச்சரிக்கையும். இணையத்தில் நியூமாயர் என்று தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இந்தப் பனியாறாக இருக்காது, அண்டார்க்டிகாவில் உள்ள ஜெர்மன் ஆய்வு நிலையமாகத்தான் இருக்கும். அதற்கும் இவர் பெயரே. அங்கே நிலைமை தலைகீழ்: 1981இல் கட்டிய முதல் நிலையமும் 1992இல் வந்த இரண்டாவதும் மேலே கொட்டிய பனியில் புதைந்துபோயின. 2009இல் திறந்த மூன்றாவது நிலையத்தை ஹைட்ராலிக் கால்களின் மேல் நிறுத்தி, பனி ஏற ஏறத் தூக்கிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அது நிற்கும் பனித்தட்டும், அதாவது நிலத்திலிருந்து நீண்டு கடலில் மிதக்கும் பனிப்பரப்பும், சும்மா இல்லை. ஆண்டுக்கு சுமார் 150 மீட்டர் கடலை நோக்கி நகர்கிறது.